பிடிப்பு தளர்ந்தால் யாரிடம் போவது?

“வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்லீங்க.” இதைச் சொல்லாத, கேட்காத தமிழர் குறைவு. வாழ்வின் அர்த்தம் என்ன என்று டீக்கடையில் யாரும் பேசிக்கொள்வதில்லை. பிடிப்பு இல்லை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். அர்த்தம் என்றால் எங்கோ ஒளிந்திருப்பதை மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிடிப்பு கையோடு சம்பந்தப்பட்டது. ஓடும் பேருந்தில் கம்பியைப் பற்றி நிற்பது மாதிரி. கம்பி நழுவியவருக்கு அந்த நேரத்தில் யாரும் தத்துவம் சொல்வதில்லை, கையைத்தான் பிடிக்கிறார்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்ற நாலைந்து பேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயது 48. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வீட்டுக் கடன் போன தை மாதம் முடிந்துவிட்டது. மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவியோடு சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். வேலைக்குப் போகிறார், வருகிறார், டி.வி. ஓடுகிறது. எதுவும் ஒட்டவில்லை. கடன் முடிந்தால் நிம்மதி என்று பதினைந்து வருடம் காத்திருந்தவருக்கு, முடிந்த பிறகு அந்த இடத்தில் என்ன வைப்பதென்று தெரியவில்லை.

இவர் ஒரு தெரபிஸ்டிடம் போகலாமா? போனால் அங்கே என்னதான் நடக்கும்?

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பின் வேஷத்தில்தான் வெளியே வருகிறது. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கை கால் அசந்து வருகிறது. ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து “உங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வியோடு அவர் இன்னொரு மருத்துவரிடம் போகிறார். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, பி12 வைட்டமின் குறைந்தாலோ ஆள் அச்சு அசலாக மனச்சோர்வு வந்தவர் போலவே இருப்பார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக் கூடியதை ஆறு மாதம் பேசித் தீர்க்கப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்தது, துக்கத்தையும் மனச்சோர்வையும் வெறுமையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பா இறந்த மாதத்தில் அழுகை வருவது துக்கம், அது வரத்தான் வேண்டும். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு ஓர் அளவு உண்டு. இரண்டு வாரமாக ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும் பகுதியும் மனம் கனத்துக் கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போக வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம், உடல் வலு இவற்றில் சில கெட்டிருக்க வேண்டும். தன்னைப் பற்றியே மிக மட்டமான எண்ணமோ சாவைப் பற்றிய நினைப்போ இருக்கலாம். நாலு மணிக்கு விழித்துக்கொள்வது அந்தப் பட்டியலில் பழைய அறிகுறி. நம் எழுத்தருக்கு இதில் பாதி இருக்கிறது. மீதி பாதி வெறுமை. வெறுமைக்கு நோய் என்ற பெயர் கிடையாது. அதற்காக யாரிடமும் போகக் கூடாது என்று சட்டமும் கிடையாது. நோய்ப் பெயர் கிடைத்தால்தான் உதவி கேட்கலாம் என்று நினைத்துக் காத்திருந்து, பெயர் கிடைக்கும் அளவுக்கு முற்றவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால், அதுவும் எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால், அன்றைக்கே பேச வேண்டும். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதற்காக அழுதபடியே நிம்மதி அடைந்தவர்கள்தான் அதிகம்.

இனி நம் எழுத்தரிடம் வருவோம். அவர் வாய் திறந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? “வேலை கம்மியாயிருச்சு, அதான் நினைப்பு ஓடுது” என்பார் மைத்துனர். “திருவண்ணாமலை போய்ட்டு வாங்க மாமா” என்பான் மருமகன் முறையில் ஒருவன். “உனக்கென்னப்பா குறை? கடன் இல்ல, பொண்ணு படிக்குது” என்பார் சக ஊழியர். மூன்றும் பாசத்தில் வருபவைதான். ஆனால் மூன்றுமே பேச்சை முடித்துவைக்கின்றன. அறிவுரையின் இயல்பு அது. சொல்பவருக்கு ஒரு கடமை தீர்ந்துவிடுகிறது. கேட்பவர் இரண்டாவது முறை வாய் திறப்பதில்லை.

அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, இந்தத் தெரபியெல்லாம் தேவைப்படவில்லை என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். இருக்கலாம். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்றும் கேட்க வேண்டும். மருமகள் உட்கார்ந்து மாமியாரைப் பற்றிப் பேசியிருக்க முடியுமா? வயலில் வேலை பார்த்தவர் அந்த வீட்டுத் திண்ணையில் ஏறித் தன் மனப் பாரத்தை இறக்கியிருக்க முடியுமா? பேசியதெல்லாம் மறுநாள் காலை குழாயடிக்கு வந்துவிடும் என்ற பயம் வேறு.

உளவியல் சிகிச்சை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. உங்கள் சொத்திலோ சொந்தத்திலோ பங்கில்லாத ஒருவர், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், உங்கள் பேச்சுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறார். கேட்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். நீங்கள் பேசியது வெளியே போகாது. அது வெறும் மரியாதை இல்லை, மேலே சொன்ன சட்டமே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு. நல்ல தெரபிஸ்ட் அந்த விலக்குகளை முதல் நாளே சொல்லிவிடுவார். கூட வந்த மனைவியோ அண்ணனோ “உள்ள என்ன சொன்னாரு?” என்று கேட்டால், அவர் சிரித்துக்கொண்டே “அவரையே கேளுங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை அங்கே போகத் தேவையில்லை.

முதல் சிட்டிங் நாற்பத்தைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ இருக்கும். சினிமாவில் வருவது போலச் சாய்வு நாற்காலியில் படுக்கவைக்க மாட்டார்கள். எதிரும் புதிருமாகவோ கொஞ்சம் சாய்வாகவோ இரண்டு நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், டிஷ்யூ பேப்பர். முதல் நாள் பாதி விசாரணையாகவே போகும்: எவ்வளவு நாளாக, தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யார் யார், இதற்கு முன்பு இப்படி வந்ததுண்டா, மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா. நம் எழுத்தர் என்ன சொல்வார்? “தூக்கம்தான் மேடம் பிரச்சனை. அதுக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க.” பெரும்பாலோர் முதலில் சின்ன சாமானைத்தான் மேஜைமேல் வைப்பார்கள். ஆளை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் பெரிய மூட்டை இறங்கும். அதில் தவறே இல்லை.

“நாலு மணிக்கு முழிச்சதும் மொதல்ல என்ன ஞாபகம் வருது சார்?”

“ஒண்ணும் வராது மேடம்.”

அவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருப்பார். கால் நிமிடம், அரை நிமிடம். வீட்டில் யாரும் நமக்கு அரை நிமிட மௌனம் தருவதில்லை, உடனே எதையாவது போட்டு அதை நிரப்பிவிடுவார்கள். இங்கே அது காலியாகவே கிடக்கும். முதல் நாள் எழுத்தருக்கு அது சங்கடமாக இருக்கிறது. நாலாவது வாரம் அதே மௌனத்தில், தானே எதிர்பாராமல், ஒரு பெயரைச் சொல்கிறார். இருபது வருடம் ஒரே வாலிபால் அணியில் ஆடிய நண்பர். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனவர். ஊரடங்கு. முகத்தைப் பார்க்க முடியவில்லை, தூக்கவும் போக முடியவில்லை. அதற்குப் பிறகு எழுத்தர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறார். தன்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

எல்லோர் கதையிலும் இப்படி ஒரு திறவுகோல் அகப்படும் என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்கு அப்படி ஒற்றைக் காரணம் இருக்காது. ஆனாலும் பேசப் பேச, தன் கதையில் எந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறோம் என்பது தனக்கே கேட்கத் தொடங்கும். பேச்சின் வேலை முக்கால்வாசி அதுதான்.

அந்தப் பேச்சு வெறும் பேச்சாகவே இருந்துவிடாது. முறைகள் பல உண்டு. பேர்களைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஃபிராய்டு வழி வந்த மனப்பகுப்பாய்வு நீண்ட காலம் போகக் கூடியது, குழந்தைப் பருவம் வரை தோண்டும். நம் நாட்டிலேயே 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் அதற்கென ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார். ஆனாலும் இன்று நம் ஊர்களில் அதைச் செய்பவர்கள் சொற்பம். உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கப்போவது சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கியது. அவரும் மனப்பகுப்பாய்வில் பயின்றவர்தான். சோர்ந்துபோனவர்கள் மனதுக்குள் நிமிடத்துக்கு நிமிடம் தானாக ஓடும் சிறு சிறு எண்ணங்களை அவர் கவனித்தார். மேலதிகாரி வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த நொடியே “என்னை மதிக்கல, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்” என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தைப் பிடித்துத் தாளில் எழுதி, இதற்குச் சாட்சி என்ன, எதிர்ச் சாட்சி என்ன என்று வழக்காடிப் பார்ப்பது இந்த முறையின் மையம். நல்லதையே நினை என்ற போதனை இதில் கிடையாது. உண்மையிலேயே மோசமான நிலைமை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

வெறுமையும் சோர்வும் கலந்து நிற்பவர்களுக்கு இன்னும் எளிய ஒன்று உண்டு. மனம் சரியானதும் செய்யலாம் என்று தள்ளிப்போட்ட காரியத்தை, மனம் சரியாவதற்கு முன்பே, சின்ன அளவில், நேரம் குறித்துச் செய்வது. செயல் முதலில், உற்சாகம் பிறகு. சோர்வு வந்தால் ஆள் ஒதுங்குகிறார், ஒதுங்கினால் மகிழ்ச்சி தரும் எதுவும் பக்கத்தில் வருவதில்லை, அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் செக்குச் சுற்றை ஓரிடத்தில் அறுக்கப் பார்க்கிறார்கள். கோவாவில் சங்காத் என்ற அமைப்பு இந்த முறையை மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்து, அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுக்காரர்களிடம் ஆறு முதல் எட்டு சிட்டிங் வரை செய்ய வைத்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிப்பு என்ற சொல்தான் நினைவுக்கு வரும்.

ஜிம்பாப்வேயிலும் இதுபோல டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவமனை வாசலில் மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அங்கே ஷோனா மொழியில் இந்தத் துன்பத்துக்குப் பெயரே ‘அதிகமாக யோசித்தல்’ என்பதுதான். “ரொம்ப யோசிக்காதே” என்று நாமும்தான் சொல்கிறோம். அவர்கள் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

சரி, உயிர் வாழ்வதற்கே காரணம் தெரியவில்லை என்பவருக்கு? இங்கே வியன்னாவின் விக்டர் ஃபிராங்கலைச் சொல்லாமல் போக முடியாது. 1905இல் பிறந்த யூத மருத்துவர். அவரை நாஜி வதைமுகாமில் இருந்து மீண்டவர் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, இருபதுகளின் தொடக்க வயதில், வியன்னாவில் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களை ஏற்பாடு செய்திருந்தார். மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாட்களில் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்க அந்த நேரத்தில் தனிக் கவனம் எடுத்தார். பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாடு ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

1942இல் பெற்றோர், மனைவியோடு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். தந்தை தெரேசின்ஸ்டாட்டில் இறந்தார். தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மனைவி பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார். ஆஷ்விட்ஸில் அவருடைய கோட்டோடு, எழுதி வைத்திருந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. பிறகு இன்னொரு முகாமில் டைஃபஸ் காய்ச்சலோடு கிடந்தபோது, கிடைத்த துண்டுக் காகிதங்களில் அந்த நூலை மறுபடி குறித்துக்கொண்டே இரவுகளில் நினைவு தப்பாமல் இருக்கப் பார்த்தார். மனிதனைத் தாங்குவது இன்பமோ அதிகாரமோ இல்லை, தன்னை எதிர்பார்த்து நிற்கும் ஏதோ ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அது செய்ய வேண்டிய வேலையாக இருக்கலாம். நேசிக்கும் ஓர் ஆளாகவோ அனுபவமாகவோ இருக்கலாம். தவிர்க்கவே முடியாத துன்பம் வந்தால் அதை எப்படிச் சுமக்கிறோம் என்பதாகவும் இருக்கலாம். தவிர்க்க முடியாத என்ற சொல்லை அவர் அழுத்தியே சொல்வார். தவிர்க்கக் கூடிய துன்பத்தைச் சகித்துக்கொண்டிருப்பதில் எந்த மேன்மையும் இல்லை என்பார். அடிக்கும் கணவனோடு வாழ்பவளிடம் “துன்பத்திலும் ஓர் அர்த்தம் இருக்கும்மா” என்று சொல்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பேசலாம்.

வாரம் முழுக்க ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததும் கவிகிற வெறுமைக்கு ஃபிராங்கல் ஒரு தனிப் பெயரே சொல்வார், ஞாயிறு நோய் என்ற பொருளில். ஓய்வு பெற்ற மறுமாதம் நம் அப்பாக்களுக்கு வருவதும், கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம் அம்மாக்களுக்கு வருவதும் அதன் உறவுதான்.

அவரிடம் வந்த ஒரு முதியவரின் கதை பிரசித்தம். அவரும் மருத்துவர். மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் மீள முடியவில்லை. ஃபிராங்கல் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. நீங்கள் முதலில் போய், அவர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். அவள் தாங்கியிருக்க மாட்டாள் என்றார் முதியவர். அப்படியானால் அந்த வேதனையை அவருக்கு வராமல் நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் ஃபிராங்கல். முதியவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனாராம். தயவுசெய்து இதை எழவு வீட்டில் யாரிடமும் சொல்லிப் பார்க்காதீர்கள். அதே வாக்கியம் அங்கே வெறும் அறிவுரையாகிவிடும். இரண்டு வருடம் கழித்து, தானாக வந்து உட்கார்ந்த ஒருவரிடம், அவர் வாயிலிருந்தே பதில் வரும்படி கேட்டதால்தான் அது வேலை செய்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் இதே விஷயத்தை இன்னும் தரைக்குக் கொண்டுவந்தார். 1980இல் எழுதிய பெரிய நூலில், மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்ற நான்கும் எந்த மனிதனையும் விடாத கவலைகள் என்கிறார். அர்த்தமின்மைக்கு அவர் சொல்லும் மருந்து ஈடுபாடு. அர்த்தத்தைத் துரத்தினால் அது நழுவும், எதிலாவது முழுதாக இறங்கினால் கூடவே வரும். கம்பியைப் பிடி என்கிறார், வேறென்ன?

இப்போது யாரிடம் போவது என்ற குழப்பம். சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மனநலத் துறையில் இருப்பவர்களில் மாத்திரை எழுத அவருக்குத்தான் உரிமை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் மருத்துவர் அல்லர், பேச்சுவழிச் சிகிச்சையில் மருத்துவமனைப் பயிற்சியோடு தேறியவர். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கவுன்சலர் என்ற பெயர்ப் பலகையில்தான் எச்சரிக்கை தேவை. சமூகப்பணியிலும் ஆலோசனை உளவியலிலும் முறையாக முதுகலை படித்து அருமையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என்னைப் போன்ற பிரச்சினையோடு வருபவர்களை எந்த முறையில் பார்ப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே விடை.

மாத்திரையா பேச்சா என்ற சண்டையை இங்கே நீட்டப்போவதில்லை. லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பேச்சே போதும் என்று பல நேரம் பார்ப்பார்கள். கடுமையானால் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். மாத்திரை பலன் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் “ஒண்ணும் ஆகல” என்று நிறுத்துவதும், நன்றாக ஆனதும் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும்தான் சங்கடங்களைக் கொண்டுவருகின்றன.

காசு விஷயத்துக்கு வருவோம். பலருக்கும் நிஜமான தடை அதுதான். தனியாரிடம் ஒரு சிட்டிங்குக்கு ஆயிரத்துக்குக் குறைவாகவும் வாங்குகிறார்கள், இரண்டாயிரம், மூவாயிரமும் வாங்குகிறார்கள். வாரம் ஒன்று என்றால் எழுத்தர் சம்பளத்தில் அது பெரிய தொகை. குறைத்துக் கேட்கலாம். வருமானத்துக்குத் தக்கபடி வாங்குபவர்கள் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்க்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் கூட்டம் அதிகம், மருத்துவர் உங்களுக்குத் தரும் நிமிடங்கள் குறைவு. “உளவியலாளரைப் பார்க்க வேண்டும்” என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீடு விஷயத்தில், உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. என்றாலும் பல பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசுவதற்குக் கொடுக்குமா என்பதைப் பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தடைக்கு விலை கிடையாது. கீழ்ப்பாக்கம் என்ற சொல். சென்னையில் 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய அந்த மனநல மருத்துவமனை, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் தலைமை வகித்த இடம். அதை வைத்துத் தமிழ் சினிமா எத்தனை நகைச்சுவைக் காட்சிகள் எடுத்திருக்கும்! அந்தச் சிரிப்புக்கான கடனைத்தான், யாரும் பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்துவிட்டபடி கிளினிக் படி ஏறுகிற பெண் இன்று கட்டிக்கொண்டிருக்கிறார். போனிலும் வீடியோவிலும் சிட்டிங் வைத்துக்கொள்ளும் வசதி இந்தக் கூச்சக்காரர்களுக்குப் பெரிய வரம். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் மொட்டை மாடியிலும், நிறுத்திய காருக்குள்ளும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தெரபிஸ்டுகள் பாடம் படித்தது ஆங்கிலத்தில். நீங்கள் அவர்களுக்காக ‘ஆங்சைட்டி’, ‘ஸ்ட்ரெஸ்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு போக வேண்டாம். திக்கென்று இருப்பது வேறு, பக்கென்று இருப்பது வேறு, வெறிச்சென்று இருப்பது வேறு. மனசு கிடந்து அடித்துக்கொள்வதும் மனசு மரத்துப்போவதும் நேர் எதிர். இந்த நுணுக்கத்தை ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரு டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தால் எதிரே இருப்பவருக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. உங்கள் வீட்டில் பேசும் தமிழ் புரிகிற ஆளாகத் தேடுங்கள்.

ஒருவரிடம் மூன்று நான்கு முறை போயும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம். தையல்காரரை மாற்றுவதில்லையா? மாற்றும் முன் அவரிடமே “எனக்குச் சரியா வரல” என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சிலேயே சில நேரம் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆனால் உங்கள் சாதியை விசாரிப்பவர், ஜாதகம் கேட்பவர், தன் குடும்பக் கதையை உங்களிடம் சொல்பவர், தொடுபவர், கடன் கேட்பவர், எல்லாப் பெண்களிடமும் “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்று முடிப்பவர், இவர்களிடம் சொல்லிக்கொண்டு விடைபெற வேண்டிய அவசியம்கூட இல்லை. தன்பால் ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடமிருந்து ஓடியே வந்துவிடலாம்.

தெரபி எல்லாவற்றையும் தீர்க்காது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது தேவைப்படுவது வழக்கறிஞர். சம்பளம் வராத மாதத்தில் வரும் கவலை எண்ணக் கோளாறு ஆகாது. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல தெரபிஸ்ட். பத்துப் பன்னிரண்டு சிட்டிங்கில் பலருக்கு ஒரு மாற்றம் தெரியும். ஆறாவது வாரம் முன்னைவிட மோசமாக இருப்பது போலவும் தோன்றலாம், கிளறிய புண் அப்படித்தான்.

நம் எழுத்தருக்கு ஐந்தாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஆட வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம். முதல் செவ்வாய் போகவில்லை. வியாழன் போனார், கேட் வரைக்கும். அடுத்த வாரம் பையன்கள் ஸ்கோர் சொல்லக் கூப்பிட்டார்கள். விசில் இன்னும் வீட்டில் எங்கோ கிடக்கிறது என்று தேடியிருக்கிறார். நாலு மணி விழிப்பு போய்விடவில்லை. நாலரை ஆகியிருக்கிறது.

முதல் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் நம்பரைப் போட்டுவிட்டுக் கட் செய்கிறார்கள். கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. “வணக்கம். கொஞ்ச நாளா மனசு சரியில்ல, எதுலயும் பிடிப்பு இல்ல. பேசணும்னு நினைக்கிறேன். எப்ப வரலாம், எவ்வளவு ஆகும்?” மறுமுனையில் இருப்பவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.